ஒரு பேருக்கு ஒரு பிள்ளை

அம்சவல்லிக்கு உட்கார்ந்தால் தூக்கம் வரும், நின்றாலும் வரும். பஸ்ஸில் கம்பியைப் பிடித்தபடியே தூங்கி, இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய், வெயிலில் திரும்ப நடந்து வந்த கதை அவளிடம் ஏழெட்டு இருக்கிறது. சோம்பேறி என்று வாய்கூசாமல் சொல்கிறவர்களும் ஊரில் உண்டு. அவர்களை ஒரே ஒரு நாள் கரும்புக் காட்டில் கொண்டுபோய் விடவேண்டும். காலை பத்து மணிக்குள் பேச்சு நின்றுபோகும்.

வயது நாற்பது. வீடு வேப்பூர் ரோட்டில், விருத்தாசலத்திலிருந்து அரைமணி நேரம். கார்த்திகையில் லாரி ஏறினால் சத்தியமங்கலம் பக்கம் கரும்பு வெட்டு, வைகாசியில்தான் திரும்புவாள். வந்த பிறகு சும்மா இருக்க முடியுமா? விருத்தாசலத்தில் ஒரு செராமிக் கம்பெனியில், சூளைக்குப் போவதற்கு முன்னால் பச்சைப் பொம்மைகளின் ஓரப் பிசிறை ஈர ஸ்பான்ஜால் துடைக்கிற வேலை. நாளெல்லாம் பிள்ளையாரும் யானையும் குதிரையும் கைக்குள் வந்து வந்து போகும். ஆறு மாதம் அரிவாள், ஆறு மாதம் ஸ்பான்ஜ். இரண்டுக்கும் நடுவில் ஓய்வு என்று ஒரு நாளை அவள் கண்டதில்லை.

புருஷன் மஞ்சள் காமாலையில் போய் எட்டு வருஷம். ஒரே மகள் பூர்ணிமாவுக்கு அப்போது ஒன்பது வயது. அழுது முடிக்கக்கூட நேரம் கிடைக்கவில்லை. கரும்பு சீசன் வந்துவிட்டது.

கரும்பு வெட்டுக்கு ஒற்றை ஆளாகப் போக முடியாது. ஒருவர் அடியில் வெட்டிச் சாய்க்க வேண்டும்; இன்னொருவர் சோகை என்கிற காய்ந்த தோகையைக் கழித்து, நுனி நறுக்கி, கட்டுக் கட்ட வேண்டும். அதனால் ஜோடி ஜோடியாகத்தான் ஆள் எடுப்பார்கள். புருஷனும் பெண்டாட்டியும் ஒரு ஜோடி. மேஸ்திரியின் நோட்டில் ஒரு ஜோடிக்கு ஒரு பேர்தான் ஏறும். அது ஆம்பிளை பேர். பக்கத்தில் நின்று அதே வெயிலில் சாகிறவளுக்கும் ஒரு பேர் இருக்குமே என்று யாரும் கேட்டதில்லை. யார் போட்ட சட்டம் இது? யாரும் போடவில்லை. அப்படியே எழுதிக்கொண்டு வந்தார்கள், அவ்வளவுதான்.

அம்சவல்லியின் அண்ணன் தர்மராஜும் அந்த வருஷம் ஜோடி இல்லாமல்தான் நின்றான். அவன் பெண்டாட்டி கொளஞ்சிக்கு முந்தைய சீசனில் கட்டுத் தூக்கும்போது இடுப்பு பிடித்துக்கொண்டது; குனியக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆகவே அண்ணனும் தங்கையும் ஒரு ஜோடி. கொளஞ்சி ஊரிலேயே இருந்து தன் மகன் அன்புச்செல்வனையும் பூர்ணிமாவையும் பார்த்துக்கொள்வது என்று ஏற்பாடு. இரண்டும் ஒரே வயது, ஒரே வகுப்பு. ஒரே தட்டில் சாப்பிட்டு, ஒரே குழாயில் அடித்துக்கொண்டு வளர்ந்தன.

முதல் வருஷம் மேஸ்திரி ராஜ்மோகன் ஒரு நல்ல காரியம் செய்யப் பார்த்தார். அதையும் சொல்ல வேண்டும். நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, "அம்சவல்லி, ஒனக்கும் கீழ ஒரு பேரு போட்டுடட்டுமா? நீ ஒண்ணும் அவன் பொண்டாட்டி இல்லியே" என்று கேட்டார்.

"ஐயையோ, வேணாங்க மேஸ்திரி! எம் பேரு எங்கயும் வேணாங்க. நான் சம்பாதிக்கறேன்னு தெரிஞ்சா விதவப் பணத்த நிறுத்திடுவாங்களாம்."

யார் சொன்னார்களோ! பஸ் ஸ்டாண்டிலோ, ரேஷன் கடை வரிசையிலோ காதில் விழுந்த ஒரு வார்த்தை. அதை நம்பி எட்டு சீசன் அண்ணன் பேருக்குள் ஒளிந்துகொண்டாள். ஒவ்வொரு வருஷமும் மறக்காமல் மேஸ்திரியிடம் ஞாபகப்படுத்தவும் செய்தாள், "எம் பேரு வேணாங்க" என்று. அந்த அக்கறையை நினைத்தால் இப்போது அவளுக்கே தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

இந்த வருஷம் இரண்டு பிள்ளைகளும் பிளஸ் டூ பாஸ். பூர்ணிமாவுக்குக் கடலூர் பக்கம் ஒரு காலேஜில் நர்ஸிங் சீட்டு. அன்புச்செல்வனுக்குக் கோயம்புத்தூரில் கம்ப்யூட்டர் படிப்பு. இரண்டு வீட்டிலும் காலேஜ் வாசலை மிதித்த ஆள் அதுவரை ஒருத்தர் கிடையாது. சீட்டு கிடைத்த சந்தோஷம் இரண்டு நாள். மூன்றாம் நாள் ஃபீஸும் ஹாஸ்டலும் எழுதிய காகிதம் வந்தது. அதைப் படித்துக் காட்டிய பூர்ணிமா, பாதியிலேயே மடித்துப் பாயின் கீழே வைத்துவிட்டாள்.

அப்போதுதான் மாதா கோவில் வளாகத்தில் இருக்கிற டிரஸ்ட் ஆபீஸிலிருந்து லீமா டீச்சர் காலனிக்கு வந்தார். விவசாயக் கூலி வேலைக்கு வெளியூர் போகிற குடும்பத்துப் பிள்ளைகளுக்குக் காலேஜ் படிப்பு முடிகிற வரைக்கும் ஃபீஸும் ஹாஸ்டலும் டிரஸ்டே கட்டும். எந்தச் சாமியைக் கும்பிட்டாலும் சரி. போன சீசனில் வெளியூர் போனதற்கு மேஸ்திரி கொடுக்கிற பட்டியலைக் காட்ட வேண்டும். பட்டியலில் இருக்கிற ஒரு பேருக்கு ஒரு பிள்ளை. நாலு குடும்பம் பயன்படட்டும் என்று வைத்த நிபந்தனை. அதில் தப்புச் சொல்ல முடியாது.

தர்மராஜ் மகனுக்குப் போட்டான். அம்சவல்லி மகளுக்குப் போட்டாள். பட்டியல் கேட்டுப் போனபோது ராஜ்மோகன் இரண்டு பேருக்கும் ஒரே காகிதத்தை இரண்டு ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்தார். "நீயும் அதுலதான இருக்கிற" என்றார். அண்ணன் பேருக்குள் தானும் அடக்கம் என்றே அவளும் நினைத்தாள். எட்டு வருஷம் வெட்டின உடம்புக்கு, தான் காகிதத்தில் இல்லை என்பது எப்படித் தோன்றும்?

ஆடி மாதம் ஒரு மத்தியானம் லீமா டீச்சர் விசாரிக்க வந்தார். அன்றைக்கு மட்டும் அது அவருக்குப் பதினோராவது வீடு. செருப்பு வார் அறுந்து ஊக்கு குத்தியிருந்தது. தர்மராஜ் வீட்டில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்காரவைத்து, அம்சவல்லியையும் கூப்பிட்டனுப்பினார்கள்.

"தர்மராஜண்ணே, ஒரே பேரு ரெண்டு அப்ளிகேஷன்ல இருக்குது. அதான் நேர்ல கேக்கலாம்னு வந்தேன். ஒங்க ஜோடியா வெட்டினது யாரு?"

தர்மராஜ் வாயைத் திறப்பதற்குள் உள்ளேயிருந்து கொளஞ்சி வந்தாள். "நாந்தான் டீச்சர். பொண்டாட்டிய வுட்டா வேற யாரு?" இடுப்பில் கட்டிய பெல்ட்டோடு நின்றுகொண்டு சொன்னாள், பாவம். சொல்லிவிட்டு அவளே சுவரைப் பார்த்தாள்.

தர்மராஜ் ஒன்றும் சொல்லவில்லை. அம்சவல்லி அண்ணன் முகத்தைப் பார்த்தாள், அண்ணி முகத்தைப் பார்த்தாள். ஆனாலும் சொன்னாள். "பாதிக் கரும்பு நான் வெட்டினது டீச்சர். எட்டு வருசமா."

"இல்லன்னு யாரு சொன்னா?" கொளஞ்சி திரும்பினாள். "நீ வெட்டின. ஒம் பொண்ணு யாரு வூட்டு சோத்தத் தின்னு வளந்தா? வருசத்துல பாதி நாளு அவளுக்குத் தல வாரினது யாரு, சொரம் வந்தா ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடினது யாரு? இந்த இடுப்ப வச்சிக்கினு! நான் ஒம் பொண்ணப் பாத்துக்கலன்னா நீ லாரி ஏறியிருப்பியா? இப்ப எம் புள்ள வாயில மண்ணப் போட வந்துட்ட."

ஒவ்வொரு சொல்லும் நிஜம். அன்புச்செல்வன் வாசலில் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தான். துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்தான்.

லீமா டீச்சர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "நீங்க சொல்றத நான் நம்புறேன் அக்கா. கமிட்டி காயிதத்தத்தான் பாக்கும். ரெண்டு புள்ளைக்கும் குடுக்கணும்னுதான் எனக்கும் ஆச. என் கையில இல்லியே." பிறகு தர்மராஜிடம், "இந்தப் பேருல ஜோடியா வேல செஞ்சது என் தங்கச்சின்னு நீங்க எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்தா, பட்டியல அவுங்க கணக்குல எடுத்துக்குவாங்க. ஆனா அப்பறம் தம்பிக்கு இந்த வருசம் கெடைக்காது. பத்து நாள்ல சொல்லுங்க" என்றார்.

கிளம்பும்போது, "ஏங்க்கா, பேரு ஏன் போடாம வுட்டீங்க?" என்று கேட்டார். அம்சவல்லி விதவைப் பணத்தைச் சொன்னாள்.

"மேஸ்திரி நோட்டப் பாத்துட்டு யாருக்கா வந்து நிறுத்தப்போறாங்க? யாரு சொன்னது ஒங்களுக்கு?"

யார் சொன்னது என்று அவளுக்கு நினைவே வரவில்லை.

பிறகு வந்த நாட்கள் இருக்கிறதே, எதிரிக்கும் வேண்டாம். நாலு எட்டு தள்ளித்தான் அண்ணன் வீடு. கொளஞ்சி குழாயடிக்கு இவள் வராத நேரம் பார்த்து வந்தாள். பூர்ணிமா அத்தை வீட்டுக்குப் போகவில்லை. பக்கத்து வீட்டு வளர்மதி ஒருத்திதான் துணிந்து ஒரு யோசனை சொன்னாள். "மொறதான? ரெண்டையும் பேசி முடிச்சிட்டா ஒரே குடும்பம். யாரு படிச்சா என்னா?" பூர்ணிமா துடைப்பத்தைக் கையில் எடுத்தாள். அந்த வாரத்தில் அம்சவல்லி சிரித்தது அப்போது மட்டும்தான்.

அண்ணனிடம் போய்க் கேட்கலாம். காலில்கூட விழலாம். ஆனால் கேட்பது என்றால் எதைக் கேட்பது? உன் மகனுக்கு வேண்டாம், என் மகளுக்குக் கொடு என்றா? அந்தப் பையன் கைக்குழந்தையாக இருந்தபோது இவள் இடுப்பில் கிடந்தவன். அவனுக்குக் கிடைக்கக் கூடாது என்று நினைக்கவே கூசியது. நினைக்காமல் இருக்கவும் முடியவில்லை. கம்பெனியில் கையிலிருந்த பச்சைக் குதிரையின் காது அழுத்திப் பிடித்ததில் உடைந்து வந்தது. சூப்பர்வைசர் திட்டினார், அது சரியாகக் காதில் விழவும் இல்லை.

"அம்மா, மாமாகிட்ட நீ போயி நிக்காத" என்றாள் பூர்ணிமா. "கெடைக்கலன்னா போவுது. நானும் ஒங்கூட கம்பெனிக்கு வரேன்."

அம்சவல்லிக்கு எங்கிருந்துதான் அவ்வளவு ஆத்திரம் வந்ததோ. "வாய மூடு! பொம்ம தொடைக்கவாடி ஒன்னப் பெத்தேன்?" என்று கத்தினாள். அது மகள்மேல் வந்த கோபம் இல்லை என்று மகளுக்கும் தெரியும்; இரண்டு தட்டை எடுத்து வைத்துச் சோறு போட்டாள்.

ஏழாம் நாள் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், கம்பெனி கேட்டுக்கு வெளியே தர்மராஜ் நின்றான். சட்டைப் பையில் ஒரு காகிதம். டீ குடிக்கலாம் என்று எதிர்க் கடைக்குக் கூட்டிப் போனான். இரண்டு டீ வந்தது, அவனுடையது ஆடை கட்டிக்கொண்டு அப்படியே இருந்தது.

"இந்தா" என்று காகிதத்தை எடுத்துக் கொடுத்தான். "கையெழுத்துப் போட்டுட்டேன். டீச்சர்கிட்ட குடுத்துடு."

அம்சவல்லி அதைப் பிரிக்கவில்லை. "அண்ணி?"

"பேசல. சோறு மட்டும் போடறா." "வெட்டினது நீ. எப்பிடி அம்சா, இல்லன்னு எழுதச் சொல்ற? எனக்குத் தெரியாதா? மழையில நனஞ்சிக்கினு ரெண்டு பேரும் ஒரே சாக்கப் போத்திக்கினு ஒக்காந்ததெல்லாம் எனக்குத் தெரியாதா? அன்னைக்கி அவ சொல்றப்ப நான் வாயத் தொறக்கல. அது ஒரு வாரமா தொண்டையில நிக்குது. பூர்ணிமா பெரியவளானப்போ தாய்மாமன் சீருன்னு மோளத்தோட வந்தேன். பாதி பிளாஸ்டிக் கொடம். அதெல்லாம் ஒரு சீரா? இத வச்சிக்க."

"அண்ணே..."

"இரு, முடிச்சிடறேன். மேஸ்திரிகிட்ட பேசிட்டேன். வர்ற சீசன்ல நீயும் வளர்மதியும் ஒரு ஜோடி; ஒம் பேருலயே எழுதச் சொல்லியிருக்கேன். எம் பேரும் நோட்டுல தனியா நிக்கணும். நின்னாத்தான் அடுத்த வருசம் அன்பு அதக் காட்டி அப்ளிகேஷன் போட முடியும். கொளஞ்சியால வர முடியாது. அதனால அன்பே எங்கூட வரான். ஒரு வருசந்தான."

"அவன் என்னா சொன்னான்?"

"அவன் என்னா சொல்றது? எனக்கு எழுதவா வரும்? அந்த லெட்டர எழுதினதே அவந்தான்."

அப்போதுதான் பிரித்தாள். குண்டு குண்டான, கோடு தாண்டாத கையெழுத்து. எனது பெயரில் எட்டு ஆண்டுகளாக என்னுடன் கரும்பு வெட்டியது என் உடன்பிறந்த தங்கை அம்சவல்லி ஆவார். கீழே அண்ணனின் கோணல் கையெழுத்து. அம்சவல்லி என்கிற பேரை அவ்வளவு அழகாக யாரும் எழுதி அவள் பார்த்ததில்லை.

வேண்டாம் அண்ணே, அவனே போகட்டும் என்று அவள் சொல்லியிருக்கலாம். அந்த இடத்தில் சொல்லியிருக்க வேண்டும் என்றுகூடச் சிலர் நினைப்பார்கள். நினைக்கட்டும். அவள் சொல்லவில்லை. காகிதத்தை நாலாக மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டு, முந்தானையில் மூக்கைச் சிந்திவிட்டு, மணி அடித்ததும் உள்ளே போய்விட்டாள்.

டிரஸ்ட்டிலிருந்து ஆவணியில் பதில் வந்தது. பூர்ணிமா ஹாஸ்டலுக்குக் கிளம்பிய காலையில் கொளஞ்சி இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்தாள். அம்சவல்லி பக்கம் திரும்பவில்லை. பூர்ணிமாவின் பையைத் திறந்து பருப்புப்பொடி டப்பாவைத் திணித்து, "தலைக்கி எண்ண வெக்காம திரியாத" என்று அதட்டிவிட்டுப் போனாள். பூர்ணிமா பஸ் வருகிற வரைக்கும் அழுதாள். அம்சவல்லிக்கு அழுகையும் வரவில்லை. எட்டு வருஷம் தூக்கிக்கொண்டு நடந்ததை இறக்கிவைத்த மாதிரி இருக்கும் என்று எதிர்பார்த்திருந்தாள், அப்படி இல்லை. அசதிதான் இருந்தது, வழக்கமான அதே அசதி.

கார்த்திகையில் லாரி வந்தது. ராஜ்மோகன் நோட்டைத் திறந்து, "ரெண்டு பொம்பளயா? கட்டு யாரு தூக்கறது?" என்று கிண்டல் பண்ணிக்கொண்டே அம்சவல்லி என்று எழுதினார். வளர்மதி, "நீங்க வந்து தூக்குங்க, தொப்ப கொறையும்" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். அன்புச்செல்வன் ஸ்கூல் பையில் இரண்டு கைலியும் துண்டும் வைத்துக்கொண்டு லாரியில் ஏறினான். கோயம்புத்தூர் காலேஜுக்கென்று வாங்கின புது சட்டையைப் போட்டிருந்தான். பழையதை அம்மா துவைத்துப் போட்டது காயவில்லையாம்.

சத்தியமங்கலம் பக்கம் வேலை தொடங்கிப் பத்தாவது நாள். இரண்டு ஜோடிக்கும் அடுத்தடுத்த வரிசை. தர்மராஜ் வெட்டிச் சாய்க்க, பையன் சோகை கழித்தான். கரும்புச் சோகை புதுக் கையைச் சும்மா விடாது. முழங்கை வரைக்கும் கீறல், உள்ளங்கையில் கொப்புளம் உடைந்து துணி சுற்றியிருந்தான். ஒரு தடவைகூட முனகவில்லை. முனகினால் தேவலை என்று இருந்தது அம்சவல்லிக்கு. மத்தியானம் சோற்றுத் தூக்கோடு வரப்பில் அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"அத்த, பூர்ணிமா போன் பண்ணாளா?"

"காலையில பண்ணா."

"ஹாஸ்டல்ல சோறெல்லாம் எப்பிடியாம்?"

கிழமைக்கு ஒருநாள் கறி, காலையில் பூரி, சாயங்காலம் டீயோடு சுண்டல், அம்மா நான் குண்டாயிட்டேன் என்று காலையில்தான் அந்தப் பெண் சிரித்துச் சிரித்துச் சொல்லியிருந்தது. அம்சவல்லி தூக்கு மூடியைத் திறந்தாள், மூடினாள்.

"எங்கடா... வாயில வெக்க முடியலையாம். சாம்பாரு தண்ணியாட்டம் இருக்குதாம். அவ என்னாத்தச் சாப்புடறாளோ."

அன்புச்செல்வன் துணி சுற்றிய கையால் சோற்றைப் பிசைந்தான். பழைய சோறும் ஊறுகாயும். இரண்டு வாய் சாப்பிட்டான்.

"எனக்கும் பண்ணா அத்த" என்றான். "நல்லா இருக்குதுன்னா. ஞாயித்துக்கிழம கறி போடறாங்களாம்."

அவள் தலை குனிந்தது.

"நான் அடுத்த வருசம் போறேன்ல. அதுக்குத்தான் கேட்டேன்" என்றான் அவன்.